எந்த இழுப்பு?

என் கழுத்தின் முன்பக்கம், சங்கிலி கிடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் என் காலைப் பார்ப்பார்கள், அப்புறம் கையை, கடைசியில் கழுத்தை. காலைப் பற்றியும் கையைப் பற்றியும் எதுவும் கேட்கமாட்டார்கள்; அந்தக் கதை தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. கழுத்தை மட்டும் காட்டி, “தைராய்டாம்மா?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் பேச்சு குழறும். முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இறங்க வேண்டிய கீரனூர் வந்துவிடும்.

அதனால் எழுதுகிறேன். வலது கையின் ஆள்காட்டி விரலால் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித்தான் எழுதுகிறேன். அந்த விரல் திரும்ப வேலை செய்கிறது என்பதே எனக்கு இன்னும் புதுசாக இருக்கிறது. என்னைப் போலப் பிறந்தவர்களுக்குப் புதிதாக ஒரு நோய் வந்தால், அது தனக்கென்று ஒரு பெயர் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எது வந்தாலும், ‘இவங்களுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்று பழைய நோயோடு சேர்த்துவிடுவார்கள். டாக்டர்களை மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய நோயின் பெயர் பெருமூளை வாதம். சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிறக்கும்போது நான் மூச்சு எடுக்கத் தாமதமானதில் மூளையில் ஒரு சிறு பகுதி பழுதாகிவிட்டது. அந்தப் பழுது வளராது, பரவாது. ஆனால் தசைகளுக்குச் சரியான கட்டளை போகாது. தளர வேண்டிய நேரத்தில் இறுகிக்கொள்ளும். எனக்கு இரண்டு காலும் விறைப்பு, இடது கை பாதி விறைப்பு, பேச்சில் குழறல். வலது கை மட்டும் நல்ல கை. சாப்பிடுவது, எழுதுவது, கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் தட்டுவது எல்லாம் அதுதான். வீட்டில் எல்லாரும் அதைச் செல்லமாக ‘சம்பாதிக்கிற கை’ என்பார்கள்.

காலின் விறைப்புக்கு எங்கள் வீட்டில் ஒரே பெயர்தான்: இழுப்பு. குளிர்ந்தால் இழுப்பு வரும், பயந்தால் வரும், யாராவது திடீரென்று கதவைச் சாத்தினால் வரும். இரண்டு காலும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு பலகை மாதிரி நிற்கும். அம்மா வந்து முழங்காலைப் பிடித்து மெல்ல மடக்கிவிட்டால் விடும். “இழுப்பு வந்துருச்சு” என்று நான் ஒரு குரல் கொடுத்தால், அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு அம்மா ஓடி வரும். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் அவ்வளவு பழசு.

தண்ணீருக்குள் நான் போனதும் இந்த இழுப்பால்தான். அப்பா இப்போது குவைத்தில் டிரைவர். அப்போது எங்கள் ஊர் ஆவூரிலேயே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். முகாமுக்கு வந்த பிசியோதெரபி டாக்டர் ஒருவர், பிள்ளையைத் தண்ணீரில் போட்டுப் பழக்குங்கள், கால் இளகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தினமும் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் என்னை மல்லாக்கக் கிடத்தினார். கால் இளகியது உண்மைதான். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. நடக்கும்போது என்னை எல்லாரும் முந்திக்கொண்டு போவார்கள். தண்ணீரில் என் வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேரை நான் முந்தினேன். அந்த ருசி விடவில்லை.

பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்தான் என்னைப் புதுக்கோட்டையில் இருந்த நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனவர். அறந்தாங்கிக்காரர், சத்தமாகப் பேசுகிறவர், கோபம் வந்தால் விசிலைக் கடிக்கிறவர். கையால் தண்ணீரைப் பிடித்துப் பின்னால் தள்ளுவதை மற்ற பயிற்சியாளர்கள் ஆங்கிலத்தில் ‘புல்’ என்பார்கள். இவரும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னாராம். “நல்லா புல்லு, நல்லா புல்லு” என்று இவர் கரையில் நின்று கத்த, மாடு மேய்க்கப் போன ஞாபகத்தில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு அதை விட்டுவிட்டுத் தமிழில் இறங்கிவிட்டார். காலுக்கு உதை. கைக்கு இழுப்பு.

ஆக எனக்கு இரண்டு இழுப்பு. வீட்டில் இழுப்பு வந்தால் அழுகை. குளத்தில் இழுப்பு வந்தால் பாராட்டு. எனக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. அம்மா நீச்சல் குளத்து வளாகத்துக்கு உள்ளே வந்ததே கிடையாது. பிள்ளை தலை தண்ணீருக்குள் போவதைப் பார்க்க நெஞ்சு தாங்காது என்று வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கும். அதனால் மாஸ்டரின் இழுப்பு அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவின் இழுப்பு மாஸ்டருக்குத் தெரியாது.

மாற்றுத்திறனாளிகள் நீச்சலில் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்த மாட்டார்கள். முதலில் மேசையில் படுக்கவைத்து மூட்டுகளை மடக்கிப் பார்ப்பார்கள், பிறகு நீந்தச் சொல்லிப் பார்ப்பார்கள். உடல் எவ்வளவு ஒத்துழைக்கிறதோ அதற்கு ஏற்ப ஒரு எண் கொடுப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் சிரமம் அதிகம் என்று அர்த்தம். எனக்குக் கொடுத்தது ஐந்து. ஐந்தாம் எண் பெண்களோடு மல்லாந்து நீச்சலில் மாநில அளவில் பல முறை தங்கம் வாங்கியிருக்கிறேன். தேசியப் போட்டியில் ஒரு வெள்ளி. அந்த வெள்ளியைத் தங்கமாக்க வேண்டும் என்பதுதான் வேலைக்குப் போன பிறகும் என்னை விடியற்காலை பஸ் ஏற்றியது.

அந்த வருஷத் தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு நல்ல செய்தி மாதிரிதான் எல்லாம் ஆரம்பித்தது. என் வலது கை பலமான கை என்பதால், மல்லாந்து நீந்தும்போது எப்போதும் இடது பக்கமாகவே ஒதுங்கிப் போவேன். இடது தோள் தடம் பிரிக்கிற கயிற்றில் உரசி உரசிக் காய்த்துப்போயிருக்கும். அந்தக் கோடையில் திடீரென்று நேராகப் போக ஆரம்பித்தேன். மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷம் கத்தினதுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு என்றார். குளத்துக்கு வருகிற சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் என்னைக் காட்டி, கோடு போட்ட மாதிரி போறா பாரு என்றார். நானும் நம்பினேன். இடது கை தேறிவிட்டது என்று அப்பாவுக்கு மெசேஜ்கூட அனுப்பினேன்.

நேராகப் போனேன், ஆனால் மெதுவாகப் போனேன். ஒவ்வொரு வாரமும் நேரம் கூடிக்கொண்டே போனது. பிறகு வலது பக்கக் கயிற்றில் உரச ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இடது கை தேறவில்லை. வலது கை இறங்கி வந்து இடது கைக்குச் சமமாகியிருக்கிறது, இப்போது அதற்கும் கீழே போகிறது. “வலது இழுப்பு கொறையுதும்மா. ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?” என்று கேட்டார். தூக்கம் சரியில்லை என்றேன். அதுவும் பொய் இல்லை. காலில் இழுப்பு ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் செய்தது. சி.பி. உடம்புக்கு வயது ஏற ஏற விறைப்பு கூடும் என்று எங்கோ படித்ததை வைத்து நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் போன கிளினிக்கில் அம்மாதான் பேசியது. என் பேச்சுக்குப் பொறுமை கிடைக்காத இடங்களில் அம்மாதான் பேசும். இழுப்பு ரொம்ப அதிகமாகிவிட்டது, ராத்திரி தூங்க முடியவில்லை என்று சொன்னது. அங்கே இருந்தவர் வேறு மாவட்டத்து இளைஞர். அவர் ஊரில் இழுப்பு என்றால் மூச்சிழுப்பு போலிருக்கிறது. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார், மூக்கில் மூடியைப் போட்டு ஆவி பிடிக்கவைத்தார். நீச்சல்காரியின் நுரையீரலுக்கு ஆவி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்து, அதனால் இன்னொரு தடவை ஆவி பிடிக்கவைத்தார்.

அடுத்த ஆஸ்பத்திரியில் நடந்தது சிரிப்பு இல்லை. என்னை உள்ளே படுக்கவைத்துவிட்டு, டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவிடம் விசாரித்தார். இழுப்பு என்றதும் அவருக்கு வலிப்பு நோய் என்று பட்டிருக்கிறது. சி.பி. உள்ளவர்கள் பலருக்கு வலிப்பும் உண்டு, அதனால் அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. வாயில் நுரை வருமா என்று கேட்டார். தூங்கும்போது எச்சில் வடியும் என்று அம்மா சொன்னது. நாக்கைக் கடித்துக்கொள்வாளா என்று கேட்டார். “சோறு திங்கிறப்ப கடிச்சுக்குவா சார்” என்றது அம்மா. எல்லாம் நிஜம். நான் திரைக்கு இந்தப் பக்கம் கிடந்து, இல்லை, அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதற்றத்தில் எனக்கு வார்த்தை வராது, கால்தான் இழுக்கும். இழுத்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, “சார், வந்துருச்சு” என்று ஓடினார்.

வலிப்பு மாத்திரை எழுதினார்கள். அதோடு ஒரு வார்த்தையும் சொன்னார்கள்: தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது. குளம் கூடாது, கிணறு கூடாது. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் அம்மாவிடம் விளக்கினார். அம்மாவுக்கு அது மாதா வாக்கு மாதிரி. இத்தனை வருஷம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பயந்த பயத்துக்கு ஒரு டாக்டரே கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் பீரோ மேலே, என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டது. வலிப்பு இல்லை என்று சொன்னேன். டாக்டருக்குத் தெரியாதா என்றது. மாத்திரையின் மயக்கத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எனக்கு என்ன நடக்கிறது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

தண்ணீர் இல்லாததால் கால் இன்னும் விறைத்தது. ஊன்றுகோல் இல்லாமல் வாசல் வரை போகிறவள், சுவரைப் பிடித்து நின்றேன். தேர்வு நாள் வந்து, நான் இல்லாமலே போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒரு காலை நேரத்தில் வந்தது. இட்லியைப் பிட்டேன், விரல்கள் மூடவில்லை. கையைப் பார்த்தேன். மூடு என்று சொன்னேன். பெருவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. பிறந்ததிலிருந்து கால் என் பேச்சைக் கேட்டதில்லை, அது பழக்கம். இந்தக் கை என்றைக்கும் என்னை விட்டுக்கொடுத்ததில்லை. நான் அழுதேன். அம்மா இட்லியைப் பிசைந்து ஊட்டியது. இருபத்தேழு வயதில் ஊட்டிவிட்டதைச் சாப்பிட்டேன்.

ஏன் வரவில்லை என்று கேட்க மாஸ்டர் அன்றைக்குப் பைக்கில் ஆவூர் வந்தது என் நல்ல காலம். கையைப் பிடித்துப் பார்த்தவர் உட்காரக்கூட இல்லை. மறுநாளே ஒரு காரைச் சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆபரேஷன் செய்கிற டாக்டர் அங்கே ஒரு பெண். காத்திருக்கும் இடத்தில் கட்டுப்போட்ட தலைகளும் பட்டைபோட்ட கழுத்துகளுமாக இருந்தன. அம்மா ஜெபமாலையைத் தேடியது, அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. விரல்களை வைத்தே எண்ணிக்கொண்டிருந்தது.

உள்ளே போனதும் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தது. டாக்டர் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க” என்றார். எனக்கு வார்த்தை வர நேரமானது. அவர் வாட்சைப் பார்க்கவில்லை, எனக்குப் பதிலாக வாக்கியத்தை முடித்துவைக்கவும் இல்லை. நான் சொல்லி முடித்த பிறகுதான் அம்மா பக்கம் திரும்பினார். இழுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்.

அம்மா வெட்கப்பட்டது. பிறகு சேலையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, முழங்காலை ஒட்டி, பாதத்தை விறைத்துக் காட்டியது. என் காலை அம்மா அவ்வளவு சரியாக நடித்ததைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

“அந்த நேரம் இவங்களுக்கு நினைவு இருக்குமா?”

“நல்லா இருக்குங்க. ஏன் இப்புடி அழுத்திப் புடிக்கிறேன்னு என்னையத்தான் வைவா.”

டாக்டர் சிரித்தார். இது வலிப்பு இல்லை என்றார். அப்போது பின்னால் நின்ற மாஸ்டர், இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்தார்.

“இழுப்பு கொறைஞ்சுக்கிட்டே வருது மேடம். அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அம்மா வெடுக்கென்று திரும்பியது. “என்ன சார் இப்புடிச் சொல்றீங்க? கூடிக்கிட்டுல்ல போகுது. ராத்திரி முழுக்க நான்தானே புடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

“இல்லக்கா, நான் தெனம் பாத்தவன். பாதிகூட இல்ல இப்ப.”

“நீங்க எங்கிட்டு வந்து பாத்தீங்க?”

இரண்டு பேருக்கும் ஒரு நல்ல சண்டை வரப்போகிறது என்று தெரிந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையைத் தட்டினேன்.

“அம்மா சொல்றது கால். மாஸ்டர் சொல்றது கை.”

டாக்டர் அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். “கால்ல கூடுது. கையில கொறையுது.” எழுந்து வந்து சின்னச் சுத்தியலால் என் முழங்காலிலும் முழங்கையிலும் தட்டினார். நடு விரலின் நகத்தைச் சுண்டிவிட்டார். என் பெருவிரல் தானாக உள்ளே மடங்கியது. காலில் கூடுவதும் கையில் குறைவதும் சேர்ந்து நடந்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும் என்றார். இத்தனை மாதத்தில் யாரும் என் கழுத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கழுத்து வலித்ததே இல்லை.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தை வைத்து உடம்புக்குள் படம் எடுப்பது. குழாய் மாதிரி ஒரு இடத்துக்குள் அசையாமல் கிடக்க வேண்டும், டமடமவென்று சத்தம் வரும். சத்தம் வந்தால் துள்ளுகிற உடம்பை வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பது எப்படி? இரண்டு முறை படம் கலங்கிப்போய், கடைசியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். உங்கள் வீட்டில் சி.பி. உள்ளவர் இருந்தால் இதை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

படத்தில் கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற, டிஸ்க் என்கிற மெத்தை ஒன்று பிதுங்கித் தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளையிலிருந்து இறங்குகிற நரம்பெல்லாம் கழுத்து வழியாகத்தான் போகின்றன. நெரிபடுகிற இடத்திலேயே கைக்குப் பிரிகிற நரம்பு உண்டு, அது நசுங்கினால் கை சோரும். அதைத் தாண்டிக் காலுக்குப் போகிற பாதை அடைபட்டால் கால் விறைக்கும். சி.பி. உள்ளவர்கள் தலையைத் தங்களை அறியாமலே வெட்டி வெட்டித் திருப்புவதால் அந்த மெத்தை மற்றவர்களுக்கு முன்னாலேயே தேய்ந்துவிடுமாம். காலில் ஏற்கெனவே விறைப்பு இருப்பதால் கூடினது யாருக்கும் தெரியாமல் போகும். வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தச் சொன்னார்.

ஆபரேஷன் செய்தால் கை திரும்புமா என்று கேட்டேன். அவர் பூசி மெழுகவில்லை. “இன்னும் போகாம நிறுத்தலாம். போனது வருமான்னு இப்பச் சொல்ல முடியாது” என்றார். கழுத்தில் செய்கிற வேலை, அதற்குரிய ஆபத்தும் உண்டு என்றார். நீச்சல்? தலைகுப்புறக் குதிப்பது இனி எப்போதும் கூடாது. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மாஸ்டர் என்னைத் தேற்றப் பார்த்தார். கை வராவிட்டாலும் கவலைப்படாதே, மறுபடி சோதித்தால் எண் நாலுக்கோ மூணுக்கோ இறங்கும், அந்த எண்ணில் நீ பாதி வேகத்தில் போனாலும் பக்கத்தில் வர ஆளே இல்லை, தங்கம் உறுதி என்றார். மனசார நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபம் இன்றைக்கு நினைத்தாலும் சுடுகிறது. “எனக்கு மெடல் வேண்டாம் மாஸ்டர். கை வேணும்” என்றேன். குழறலில் அவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று இரண்டாம் தரமும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு டீ வாங்கப் போனார். திரும்பி வந்தபோது என் டீயில் உறிஞ்சுகுழல் போட்டிருந்தது. கப்பைப் பிடிக்க முடியாது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது.

அப்பாவிடம் வீடியோ காலில் சொன்னோம். பெரியப்பாக்களைக் கேட்கலாமா, வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனது. அப்பா வண்டியை ஓரம் கட்டியிருந்தார், பின்னால் ஒரே மணலாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒன் கழுத்துத்தானே பாப்பா, நீ என்ன சொல்ற?” என்றார். செய்துகொள்கிறேன் என்றேன்.

கழுத்தின் முன்பக்கமாகப் போய், பிதுங்கின மெத்தையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்ன முட்டு ஒன்றை வைத்து, மேலே தகட்டால் முடுக்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், விழித்தபோது தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருந்ததும், கழுத்தைச் சுற்றிக் கெட்டியாக ஒரு பட்டை இருந்ததும்தான். குரல் கம்மிவிட்டது. ஏற்கெனவே குழறல், இப்போது கம்மலும். சில நாட்களுக்கு நான் என்ன சொன்னாலும் அம்மா தண்ணீர் கொடுத்தது.

ஆபரேஷன் செய்த கழுத்து ஆடக்கூடாது, ஆனால் கால் இழுத்தால் உடம்பே ஆடும். அதனால் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் இரண்டு பாதத்தையும் தன் மடியில் வைத்து அணைத்துக்கொண்டே இருந்தது. அப்படியே தூங்கியது, அப்படியே சாப்பிட்டது. பக்கத்துப் படுக்கையில் கந்தர்வக்கோட்டைக்காரர் ஒரு அக்கா, முந்திரி மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர். என்னைப் பார்த்துப் பாவம் பாவம் என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நீச்சல் போட்டிக்குப் போகிறவள் என்று அம்மா சொன்னதும் நம்பவில்லை. அம்மா போனில் வெள்ளி மெடல் படத்தைக் காட்டியது. அன்றிலிருந்து அவரைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “நீச்சக்காரப் பொண்ணு, கழுத்துல அடி” என்று அவராகவே எனக்கு ஒரு வரலாறு சொல்ல ஆரம்பித்தார். பாவத்துக்கு இது தேவலாம் என்று விட்டுவிட்டேன். அவர் வீட்டிலிருந்து வந்த ரசத்தில் எப்போதும் எனக்கு ஒரு பங்கு உண்டு. செலவைப் பற்றி எழுத மாட்டேன். காப்பீடு பாதி, அப்பாவின் குவைத் சம்பளம் பாதி. அப்பா அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் தினமும் வந்து வலது கையைப் பிடித்து, “என் விரலை நசுக்குங்க” என்பார். நான் நசுக்குவேன். அவர் முகத்தைப் பார்த்தாலே ஒன்றும் நடக்கவில்லை என்று தெரியும். காலில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. பாதத்தை விட்டு அம்மா எழுந்து போகும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. வீட்டுக்குப் போகிற நாளிலும் கை அப்படியேதான் இருந்தது. பொறுங்கள், நரம்பு மெதுவாகத்தான் விழிக்கும் என்றார். விழிக்காமலும் போகலாம் என்பதை அவர் முன்பே சொல்லியிருந்ததால் திரும்பச் சொல்லவில்லை.

வீட்டில் மாவு உருட்டினேன். துணி கிளிப்பைத் திறந்து மூடினேன். பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினேன், அதாவது தரைக்கு மாற்றினேன், அம்மா பொறுக்கியது. ஒரு பட்டாணி ஒழுங்காகப் போய் விழுந்த அன்றைக்கு நானும் அம்மாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மார்கழிக் குளிர் போன பிறகு நானே இட்லியைப் பிட்டேன். பழைய பலத்தில் பாதி இருக்கும். அதற்கு மேல் வருமா என்று தெரியாது. எண்ணை மறுபடி சோதிக்கச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. இந்த வருஷத் தேர்வுக்குப் போவேனா என்பதும் தெரியாது.

தண்ணீருக்குள் இறங்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, குதிக்காமல், மல்லாந்து மட்டும் என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மல்லாந்து நீச்சலில் யாரும் குதிக்க முடியாது. ஒலிம்பிக்குக்குப் போகிறவர்களும் தண்ணீருக்குள் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பீரோ மேலே இருந்த பையை அம்மாதான் எடுத்துக் கொடுத்தது. அதோடு நிற்காமல், அன்றைக்கு முதல் முறையாக வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே வந்தது. கழுத்தில் இரும்பு வைத்த பிள்ளையை வெளியே இருந்து எப்படி நம்புவது என்று கேட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வந்த மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு, சுவரோரம் ஒட்டி நின்றது. நான் ஓரமாக இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். தண்ணீர் காதை மூடியதும் ஆஸ்பத்திரிச் சத்தமெல்லாம் என்னைவிட்டுப் போனது. கால் இளகியது. கம்பியை விட்டேன். முதல் சில வீச்சுகள் வெறும் தண்ணீரைத் தடவின. அப்புறம் வலது உள்ளங்கையில் கனம் தட்டியது. தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகாமல் கைக்குள் நின்றது. பிடித்துத் தள்ளினேன். உடம்பு நகர்ந்தது. இடது தோள் கயிற்றில் உரசியது.

இடது தோள். நான் பழையபடி கோணலாகப் போகிறேன். கோணலாகப் போனதற்காக வாழ்க்கையில் ஒரு முறை அழுதேன் என்றால் அது அன்றைக்குத்தான்.

கரையில் மாஸ்டருக்கும் அது தெரிந்துவிட்டது. அவர் சத்தம் காதை மூடிய தண்ணீரையும் மீறிக் கேட்டது.

“ஸ்டெல்லா, இழுப்பு வந்துருச்சு. இழுப்பு வந்துருச்சு.”

அடுத்து நான் பார்த்தது, முக்காடு நழுவ, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வழுக்குகிற டைல்ஸில் ஓடி வருகிற அம்மாவை. நீச்சல் தெரியாத அம்மா. மாஸ்டர் மட்டும் குறுக்கே பாய்ந்து பிடிக்காவிட்டால் அப்படியே தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அவர் பிடிக்குள் திமிறிக்கொண்டே, பிள்ளையை வெளிய எடுங்க என்றது. “கை இழுப்பைச் சொன்னேன், தண்ணிய இழுக்கிறதைச் சொன்னேன், அவ கை வந்துருச்சு” என்று மாஸ்டர் விளக்கி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா நான் கம்பியைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தது. பிறகு அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து மடியிலிருந்து போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டது.

“ஏங்க, பாப்பாவுக்கு இழுப்பு வந்துருச்சுங்க” என்றது. அதோடு அழ ஆரம்பித்துவிட்டது.

குவைத்தில் ஏதோ ஒரு சாலையோரத்தில் அப்பா என்ன ஆகியிருப்பார் என்று எனக்குப் புரிந்தது. “அப்பா, இது நல்ல இழுப்புப்பா” என்று சொல்வதற்காக, அம்மா கையிலிருந்து போனை வலது கையால்தான் பிடுங்கினேன்.